வாசேல்: 'மது வாழ்த்து' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வாசேல் (wassail) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'மது வாழ்த்து' எனலாம் என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்பையை உயர்த்தி ஒருவர் நலனுக்காகக் குடிப்பது எந்த விருந்திலும் நடக்கும். அதற்கு அந்தச் சொல் சரி. வாசேலோ இங்கிலாந்தின் குளிர்காலத்துக்கே உரிய வழக்கம். அங்கே மரத்தையும் வாழ்த்துகிறார்கள்.

முதலில் இது வெறும் முகமன்தான். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'வெஸ் ஹெய்ல்', அதாவது 'நலமாக இரு'. பிறகு குடிக்கும்போது சொல்லும் வாழ்த்தானது. 'ட்ரிங்க் ஹெய்ல்' என்பது அதற்கு மறுமொழி. அப்புறம் கிண்ணத்தில் இருந்த பானத்துக்கும், கிண்ணத்தோடு வீடு வீடாகப் பாடிப் போகும் வழக்கத்துக்கும் அதே பெயர் வந்தது.

தோப்பில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மது வாழ்த்து' தடுமாறுவது அங்கேதான். சமர்செட் பகுதியின் கார்ஹாம்டன் ஊரில் ஜனவரி 17 அன்று ஆப்பிள் தோப்பில் கூடுகிறார்கள். இது கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பன்னிரண்டாம் இரவுக்கான சடங்கு; அந்த இரவு இப்போது ஜனவரி 5. ஆனால் 1752-இல் நாள்காட்டி மாறியதை ஏற்காமல் பழைய கணக்கையே பிடித்துக்கொண்ட வழக்கம் இது. வேரில் சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றுவார்கள். சைடரில் தோய்த்த ரொட்டித் துண்டைக் கிளையில் வைப்பார்கள், ராபின் பறவைகளுக்காக. தீய ஆவிகளை விரட்டத் துப்பாக்கி வெடிக்கும். அடுத்த பருவத்தில் மரம் நன்றாகக் காய்க்க வேண்டும் என்பதே வேண்டுதல். இதை 'மது வாழ்த்து' என்றால் மரம் காணாமல் போய்விடுகிறது.

எனவே பொருளுக்கு ஏற்பப் பிரிக்கலாம். முகமனுக்கு 'வாழி'; நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஏவலும் வாழ்த்தும் கலந்த அதே தொனி. தோப்புச் சடங்குக்குத் 'தோப்பு வாழ்த்து', வீடு வீடாகப் போவதற்கு 'மனை வாழ்த்து'.

பானத்துக்குத் 'தேறல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் தேறல் தெளிந்த மது. வாசேல் கிண்ணத்தின் பழைய பானமான லாம்ப்ஸ்வூல், சூடான ஏல் என்ற பீரில் சர்க்கரை, ஜாதிக்காய், இஞ்சி சேர்த்து, சுட்ட ஆப்பிளை அதில் போட்டது. ஆப்பிள் வெடித்து வெள்ளைச் சதை நுரை நுரையாய் மிதக்கும். அதில் தெளிவு எங்கே? மதுவைக் குறிக்கும் 'நறவு' பொருத்தம், 'நறு' என்பதில் மணமும் இருக்கிறது. வெந்நீர் போல 'வெந்நறவு' என்று ஆக்கினால், பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கும் ஜெர்மானிய க்ளூவைனுக்கும் சுவீடனின் க்ளாகுக்கும் அதுவே பொதுச்சொல்லாகும். வாசேல் பானம் மட்டும் 'வாழி வெந்நறவு'.

பழச்சாற்றில் செய்யும் மதுவில்லாத வகையையும் வெந்நறவு என்று சொல்லலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.