அன்னாசித் தோலில் தெப்பாச்சே: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஜெலுத்தோங் அக்கா:
பினாங்கு சௌராஸ்தா பசாரில் அன்னாசியைச் சீவித் தருகிறவரிடம் "தோலையும் கட்டிக் கொடுங்க" என்றால் ஒரு மாதிரிதான் பார்ப்பார். பார்க்கட்டும். தோலும் நடுத்தண்டும்தான் நமக்கு வேண்டியது.

தெப்பாச்சே என்பது அன்னாசித் தோலைப் புளிக்க வைத்து மெக்சிக்கோவில் தெருவோரம் விற்கிற பானம். அங்கே கரும்பு வெல்லம் போடுவார்கள், நான் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) போடுகிறேன். சீனியில் இந்த நிறமும் வராது, லேசான அந்தப் புகை வாடையும் வராது. ஒரு பழத்தின் தோலுக்கு 2 லிட்டர் தண்ணீர், 200 கிராம் வெல்லம், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். தோலை லேசாக அலசினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவாதீர்கள், அதில் ஒட்டியிருக்கிற ஈஸ்ட்தான் புளிக்க வைக்கப் போகிறது. மிதக்கிற தோலை ஒரு சின்னத் தட்டு வைத்து அமுக்குங்கள், வெளியே எட்டிப் பார்க்கிற துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். வாயைத் துணியால் மூடி ரப்பர் போடாவிட்டால் பழ ஈக்களுக்குக் கொண்டாட்டம்.

சமையல் குறிப்புகளில் மூன்று நாள், ஐந்து நாள் என்று இருக்கும். 30 டிகிரியைத் தாண்டுகிற பினாங்கு வெக்கையில் அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. என் அடுப்படியில் மறுநாளே ஓரத்தில் பொடிக் குமிழி ஏறிவிடுகிறது, துணியை விலக்கினால் பழுத்த பழ வாசம் வருகிறது. அப்போதிருந்து காலையும் மாலையும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பேன். இனிப்பு பாதி அடங்கி, நாக்கில் சுருக்கென்று பட்டால் வடிகட்டி ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுவேன்.

செந்தூல் தம்பி:
அக்கா, எங்கள் வீட்டில் பாட்டி துணியை விலக்கி முகர்ந்துவிட்டு, "யாருடா வீட்டுக்குள்ள கள்ளு இறக்குனது?" என்றார். தோட்டத்தில் வளர்ந்தவர், அந்த மூக்கை ஏமாற்ற முடியுமா! லேசாக ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும், நாள் ஏற ஏற அதுவும் ஏறும். அதனால் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. மேல்மாடி மக்சிக் (மலாய்க்கார முஸ்லிம் அம்மா) வந்தால் அவருக்கு சிராப் பண்டோங்தான், அதாவது ரோஜா சர்பத் கலந்த பால். "வெறும் ஜூஸ்" என்று சொல்லி யாருக்கும் நீட்டக் கூடாது, அது நியாயமில்லை.

இன்னொன்று. கேஸ் ஏறட்டும் என்று கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி வெளியே வைக்காதீர்கள், வெடித்தால் கண்ணாடி சிதறும். நான் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் மேலே நாலு விரல் இடம் விட்டு ஊற்றுவேன். அமுக்கினால் விரல் உள்ளே போகவில்லையா, கேஸ் போதும், ஐஸ்பெட்டியில் வைத்துவிடலாம். திறக்கும்போது சிங்க்குக்கு மேலே பிடித்து மெதுவாகத் திருகுங்கள்.

பட்டர்வொர்த் வாசி:
மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. கொட்டிவிடவா?

ஜெலுத்தோங் அக்கா:
பொறுங்கள், முதலில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரோமம் இல்லாமல், மெல்லிசாகச் சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை என்றால் அதுவும் ஒரு வகை ஈஸ்ட்தான். வழித்துவிட்டுக் குடிக்கலாம், ருசி கொஞ்சம் மட்டமாக இருக்கும். பச்சை, கறுப்பு, அல்லது எந்த நிறமானாலும் பஞ்சு மாதிரி ரோமம் இருந்தால் வழிக்கிற வேலையே வேண்டாம், தோலோடு மொத்தமும் குப்பைக்கு.

பட்டர்வொர்த் வாசி:
ரோமம் இல்லை அக்கா, ஆடைதான். ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு.

ஜெலுத்தோங் அக்கா:
சரி, அப்படியென்றால் அது காடியாகிற (வினிகர்) வழியில் இருக்கிறது. ஆடையை வழித்து, தோலை எடுத்துவிட்டு, துணி மட்டும் மூடி இன்னும் சில வாரம் விடுங்கள். வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம் போட்டு அன்றன்றைக்குச் செய்கிற அச்சாருக்கு அருமையாக இருக்கும். மாதக் கணக்கில் வைக்கிற ஊறுகாய்க்கு மட்டும் கடைக் காடியே ஊற்றுங்கள், வீட்டுக் காடியில் புளிப்பு ஒரே அளவாக இருக்காது.