‘திருத்து’ என்பதற்கு ஈடான வினைகள்: உங்கள் உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். எழுதி முடித்த ஒன்றைக் குறை களைந்து மறுபடியும் உருவாக்குவதைக் குறிக்கும் வினைச்சொற்களையும், அவை அன்றாட வழக்கில் எங்கெங்கே பொருந்தும் என்பதையும் தொகுத்து வருகிறேன்.

‘திருத்து’ என்ற ஒரே வினை விடைத்தாளுக்கும், தரிசு நிலத்துக்கும், தலைமுடிக்கும், சட்டத்துக்கும், வழிதவறிய மனிதருக்கும் பயன்படுகிறது. தானாக நிகழ்ந்தால் ‘திருந்தினான்’ என்றும், பிறர் செய்தால் ‘திருத்தினான்’ என்றும் ஓரெழுத்து மாற்றத்தில் பொருளைப் பிரித்துக் காட்டும் வசதியும் இதற்கு உண்டு. சாலையையும் ஏரிக்கரையையும் செப்பனிடுகிறோம், உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், அமைச்சரவையை மாற்றியமைக்கிறார்கள். ‘சீரமை’ இப்போது எல்லா இடத்திலும் நுழைந்து, தன் கூர்மையை இழந்துவருவதாக எனக்குப் படுகிறது.

என் சிக்கல் இதுதான்: ஒரு வரைவில் பிழைகளை மட்டும் நீக்காமல், அதன் அடுக்கையே கலைத்து, பழைய பகுதிகளைக் கொண்டே வேறு வடிவில் எழுதுவதற்கு ‘திருத்து’ போதவில்லை; ‘செம்மைப்படுத்து’, ‘மெருகேற்று’ ஆகியவை மேற்பூச்சு வேலையையே நினைவூட்டுகின்றன; ‘மாற்றி எழுது’ பொருந்தினாலும் எழுத்துக்கு மட்டுமே உதவும், ஒரு திட்டத்துக்கோ இசைக்கோவைக்கோ உதவாது. ‘மறுவார்ப்பு செய்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் பேச்சில் அதைச் சொன்னால் செயற்கையாக ஒலிக்கிறது.

இந்தப் பொருளுக்கு நீங்கள் பேச்சில் இயல்பாகக் கையாளும் வினை எது? வட்டார வழக்காக இருந்தாலும் தயங்காமல், அது வரும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச் சொல்லாகத் தந்தால் அதன் பயன்பாடு எனக்குப் பிடிபடாது.