ஆஸ்டியோபதி சிகிச்சைக்கு முதல் தடவை போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

நாலு மாதமாக இடுப்பு வலி. காலையில் குனிந்து செருப்பு மாட்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை முதன்முறையாக ஆஸ்டியோபதி (தசை, மூட்டுகளைக் கையால் அழுத்தியும் நீட்டியும் செய்யும் வைத்தியம்) சிகிச்சையாளரைப் பார்க்கப் போகிறேன்.

எம்.ஆர்.ஐ. அறிக்கை, பழைய எலும்பு முறிவு விவரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். முதுகைச் சடக்கென்று திருப்புவதற்கு முன் அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

என்ன உடையில் போவது? மேலாடையைக் கழற்றச் சொல்லலாம் என்கிறார்கள், அதுதான் பதற்றமாக இருக்கிறது. தளர்வான பனியன் போதுமா? அக்காவைத் துணைக்கு உள்ளே அழைத்துப்போகலாமா? அப்புறம், சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாமாம். உங்களால் மறுநாள் வேலைக்குப் போக முடிந்ததா? கேட்காமல் விட்டோமே என்று நீங்கள் வருந்திய கேள்வி இருந்தால் அதையும் எழுதுங்கள்.