பாட்டி படம் போட்ட பனியன்: குடும்பக் குழுவில் ஒரு நாள்

குழு: நம் வீட்டார்

ராகவன் சித்தப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். அடுத்த மாதக் குடும்பச் சந்திப்புக்கு அம்மாவின் படம் அச்சிட்ட பனியன்களை எல்லாரும் ஒரே நிறத்தில் அணியலாம் என்று நானும் தேவியும் நினைக்கிறோம். இணைப்பை மேலே அனுப்பியிருக்கிறேன். தள்ளுபடி இன்றிரவு 12 மணியோடு முடிகிறது. ஆகவே எந்த வீட்டுக்கு எத்தனை, என்ன அளவு என்பதை மதியத்துக்குள் எழுதிவிடுங்கள்.

கதிர்: எனக்கு எல் அளவு வேண்டும்.

இளங்கோ: எங்கள் வீட்டுக்கு நான்கு. அளவுகளை மாலையில் சொல்கிறேன்.

சாரதா அத்தை: போன சந்திப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவை இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

ராகவன் சித்தப்பா: அக்கா, அப்போதே சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன்.

சாரதா அத்தை: அப்போதே சொன்னேன்.

நிர்மலா: சித்தப்பா, நீங்கள் எவ்வளவு ஆசையோடு இந்த ஏற்பாட்டைச் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வேண்டாம். தேய்ந்தோ பழுதாகியோ போன ஒன்றுக்கு மாற்றாக அன்றி எதையும் புதிதாக வாங்குவதில்லை என்று நாங்கள் இருவரும் இந்த ஆண்டின் தொடக்கத்தில் முடிவு செய்தோம். வெறுமனே ‘வேண்டாம்’ என்று எழுதினால் ஏதோ மனத்தாங்கல் என்று யாரேனும் எண்ணக்கூடும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டும்.

பெரியப்பா: எழுது அம்மா, படிக்கிறேன்.

நிர்மலா: முதலில் அந்த ‘இன்றிரவு 12 மணி’யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் சுமார் 11,000 இணையக் கடைகளை ஆராய்ந்தார்கள். வாங்குபவரை அவசரப்படுத்தியோ குழப்பியோ பணம் கட்ட வைக்கும் உத்திகளை அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தளங்களில் கண்டார்கள். சில தளங்களில் நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் பூச்சியத்தைத் தொட்ட பிறகும் அதே தள்ளுபடி அப்படியே இருந்தது. நீங்கள் அனுப்பிய கடை அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவசரத்தில் வாங்கியவைதான் அதிகம் பயன்படாமல் கிடக்கின்றன. அதனால் இணையக் கடைகளில் சேமித்து வைத்திருந்த அட்டை எண்களை அழித்துவிட்டு, வேண்டும் என்று தோன்றுவதை ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினோம். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினால், பெரும்பாலானவற்றை எதற்காக எழுதினோம் என்பதே நினைவில் இருப்பதில்லை.

கதிர்: அப்படியானால் எனக்குப் புதிய போன் வாங்கித் தருவதாக அப்பா சொன்னதும் இனி இல்லையா?

தேவி சித்தி: இப்போதிருக்கும் போனுக்கு என்ன குறை?

கதிர்: பேட்டரி மதியம்வரைகூடத் தாங்குவதில்லை.

இளங்கோ: பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே.

கதிர்: பின்மூடியைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தால் உடைந்துபோகலாம் என்று பழுது பார்ப்பவர் சொன்னார்.

நிர்மலா: கதிர், வேறொருவரிடமும் காட்டிப் பார். பசையை மெல்லச் சூடாக்கி இளக்கி, மெல்லிய தகட்டால் ஓரம் ஓரமாகப் பிரித்துப் பேட்டரியை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும் வகையில் கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்திருக்கிறது. அந்தக் கட்டாயம் 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. போன் பேட்டரிகளில் பயன்படும் கோபால்ட்டை எடுத்துக்கொண்டால், உலகில் தோண்டப்படுவதில் பாதிக்கும் மேல் காங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கைக்கருவிகளோடு குழிகளில் இறங்கித் தோண்டுபவர்களிடையே சிறுவர்களும் இருப்பதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. நன்றாக ஓடும் போனை ஒரு பேட்டரிக்காகத் தூக்கிப் போடாமல் இன்னும் சில ஆண்டுகள் வைத்திருப்பது, நம்மால் எளிதில் செய்யக்கூடியது.

ராகவன் சித்தப்பா: போனைப் பற்றி நானும் கதிரும் வீட்டில் பேசிக்கொள்கிறோம். நான் பனியனைக் கேட்டேன்.

நிர்மலா: சரி சித்தப்பா, அதற்கே வருகிறேன். அந்தப் பக்கத்தில் துணி விவரத்தைப் பார்த்தேன். முக்கால் பங்குக்கு மேல் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன.

ராகவன் சித்தப்பா: பருத்தியில் வாங்கினால் ஒப்புக்கொள்வாயா?

நிர்மலா: உடலுக்கு அது நல்லதுதான். ஆனால் பருத்திக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பருத்திப் பனியனுக்குச் செடி வளர்ப்பதிலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மத்திய ஆசியாவில் 1960களிலிருந்து பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பிவிட்டதால், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடலின் பெரும்பகுதி வற்றிப்போனது. நான் பருத்தியே உடுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. இவ்வளவு தண்ணீரைக் குடித்து வந்த ஒரு துணி, ஒரு பிற்பகல் படமெடுத்துக்கொள்வதற்காக மட்டும் நம் வீடுகளுக்கு வரலாமா என்றுதான் கேட்கிறேன்.

இளங்கோ: அக்கா, எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. எல்லாரும் உங்களைப் போல வாங்குவதை நிறுத்திவிட்டால், அந்தப் பனியனைத் தைத்துப் பிழைப்பவர்களின் நிலை என்ன ஆகும்? 2020இல் பெருந்தொற்று வந்தபோது பெரிய நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்ததால் வங்கதேசத்தில் லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் தவித்ததை நாம் செய்தியில் பார்த்தோம்.

பெரியப்பா: நியாயமான கேள்வி.

நிர்மலா: இதில் எனக்கு மிகக் கடினமான கேள்வி இதுதான், இளங்கோ, இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் நீ சொன்ன அதே நிகழ்வை நான் வேறு விதமாகவும் பார்க்கிறேன். தைத்து முடித்த துணிக்கே பணம் தர மறுக்கும் அளவுக்கு வாங்கும் நிறுவனங்களின் கை ஓங்கியிருந்ததும், ஒரு மாதச் சம்பளம் நின்றால்கூடத் தாங்க முடியாத கூலியில் அந்த மக்கள் வைக்கப்பட்டிருந்ததும்தான் அன்று வெளிப்பட்டன. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகில் சவாரில் இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தை நினைத்துப் பார். சுவர்களில் விரிசல் இருப்பது முந்தைய நாளே தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் இருந்த தையல் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். 1,134 பேர் இறந்தார்கள். குறித்த தேதிக்குள் துணியை அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களை அந்த மாடிகளுக்கு ஏற்றியது. அதற்குப் பிறகு தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் கொடுத்த அழுத்தத்தால்தான், இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆகவே, வாங்காமல் இருப்பது மட்டும் போதாது. வாங்குகிற கொஞ்சத்தையாவது யார், எந்த நிலையில் தைத்தார்கள் என்று கேட்டு, அதற்கு உரிய விலையைக் கொடுத்து வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்போதும் பாதி விலையில் கிடைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், மீதிப் பாதியை வேறு யாரோ தம் உடம்பால் கொடுக்கிறார்கள்.

இளங்கோ: உரிய விலை கொடுக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது.

நிர்மலா: உண்மை. மலிவாக ஒன்றுதான் வாங்க முடிகிற வீட்டைப் பார்த்து நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அலமாரி நிறைந்திருக்கும் நம்மைப் போன்ற வீடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

தேவி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சாரதா அத்தை: என்ன எழுதினாய் தேவி? படிப்பதற்குள் அழித்துவிட்டாயே.

தேவி சித்தி: ஒன்றுமில்லை அண்ணி. மூத்தவன் வெளியூர் போன பிறகு மாலை நேரங்களில் எனக்குப் பேச்சுத் துணை இல்லை. அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பொட்டலம் வந்து சேர்வதும்தான் ஓர் எதிர்பார்ப்பாக இருக்கிறது. அதையும் குற்றம் என்று சொன்னால் மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நிர்மலா: சித்தி, குற்றம் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. ஏனென்றால் என் முதன்மையான காரணமும் தண்ணீர்க் கணக்கு அல்ல. இதற்கு நெருங்கிய ஒன்றுதான். பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது சாரதா அத்தையும் நானும் அந்தப் பெரிய அலமாரியைத் திறந்தோம். கீழ்த்தட்டு முழுவதும் நாம் வாங்கிக் கொடுத்தவை. கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்று, பெட்டியின் ஒட்டுநாடாகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. நான்கு போர்வைகளில் விலைச்சீட்டைக் கோத்த பிளாஸ்டிக் நூல் அப்படியே தொங்கியது. கட்டிலில் கிடந்ததோ, ஓரத்தை இரண்டு நிற நூலால் பாட்டியே தைத்துத் தைத்துப் பயன்படுத்திய பழைய போர்வை. நான் வாங்கி அனுப்பிய ஒவ்வொன்றையும் எப்போது அனுப்பினேன் என்று யோசித்துப் பார்த்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர முடியாமல் போன நேரங்களில்தான் அனுப்பியிருக்கிறேன்.

சாரதா அத்தை: அம்மா அவற்றை யாருக்கும் கொடுக்கவும் விடவில்லை. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லி அடுக்கி வைத்திருந்தார்கள்.

பெரியப்பா: அந்த இயந்திரம் நான் வாங்கியது.

நிர்மலா: பெரியப்பா, யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் எல்லாருடைய பொருள்களும் அந்தத் தட்டில் இருந்தன. அதன் பிறகு எதையாவது வாங்கக் கை போகும்போதெல்லாம், இதற்குப் பதிலாக உண்மையில் எதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் யாரையாவது அழைத்துப் பேச வேண்டியிருக்கிறது, அல்லது தூங்க வேண்டியிருக்கிறது. சித்தி, மாலையில் ஏழு மணிக்கு நான் அழைத்தால் உங்களுக்கு வசதிப்படுமா?

தேவி சித்தி: அழை அம்மா.

ராகவன் சித்தப்பா: அந்தப் போர்வைகளெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடலாமே. நம் வீட்டுப் பழைய துணிகளையும் சேர்த்துக் கொடுத்தால் அலமாரியில் இடமாவது கிடைக்கும்.

சாரதா அத்தை: என் வீட்டில்தான் இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

நிர்மலா: போர்வைகளை நேரில் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது நல்லது. ஆனால் பழைய துணியைப் பெட்டியில் போட்டுவிட்டால் யாருக்கோ உதவிவிடும் என்று நினைத்துப் புதியதற்கு இடம் பண்ணுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. உலகெங்கும் நன்கொடையாகக் கொடுக்கப்படும் துணிகளில் பெரும்பகுதி மூட்டைகளாகக் கட்டப்பட்டு வேறு நாடுகளுக்கு விற்கப்படுகிறது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தைக்கு அப்படித்தான் வாரந்தோறும் லட்சக்கணக்கான துணிகள் வருகின்றன. அங்குள்ள வியாபாரிகள் மூட்டையைப் பிரிக்காமலே கடன்பட்டு வாங்குகிறார்கள். கிழிந்ததும் கறைபட்டதுமாக விற்க முடியாதவை வாய்க்கால்களிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்கின்றன. சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் துணிகளே குன்றுகளாகக் குவிந்து கிடக்கும் படங்களையும் பார்த்திருப்பீர்கள்.

இளங்கோ: பார்த்தேன். சிலவற்றில் விலைச்சீட்டுகூட இருந்தது.

பெரியப்பா: ராகவா, அம்மா படம் வேண்டும் என்ற உன் ஆசை சரியானது. ஒரு பெரிய படமாக எடுத்துச் சுவரில் வைத்தால் போதாதா? எல்லாரும் வீட்டில் இருக்கும் நீலச் சட்டையை அணிந்து வரலாம்.

சாரதா அத்தை: எங்கள் வீட்டில் யாரிடமும் நீலச் சட்டை இல்லை.

கதிர்: போன சந்திப்பின் பனியன் எனக்கு இன்னும் சரியாக இருக்கிறது. எல்லாரும் அதையே அணியலாமே.

இளங்கோ: என்னுடையதைப் போன மாதம்தான் தரை துடைக்கும் துணியாக வெட்டினார்கள்.

நிர்மலா: அத்தை, உங்களிடம் உடுத்தாமல் இருப்பவற்றின் அளவுகளை இங்கே எழுதுங்கள். யாருக்கு எது பொருந்துகிறது என்று மாற்றிக்கொள்ளலாம். இளங்கோவுக்கும் ஒன்று கிடைத்துவிடும்.

சாரதா அத்தை: எம் அளவில் மூன்றும், எக்ஸ்எல் அளவில் ஒன்றும் இருக்கின்றன. எங்களுக்கு எல் அளவில் நான்கு வேண்டும். இதைத்தான் போன முறையும் சொன்னேன்.

ராகவன் சித்தப்பா: அக்கா, அந்த எக்ஸ்எல்லை எனக்கு எடுத்து வையுங்கள். என்னிடம் எல் அளவில் ஒன்று இருக்கிறது, அதை உங்களுக்குத் தருகிறேன். ஆனால் போன முறைக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு என்ன செய்வது? அவர்களுக்கு மட்டுமாவது பாட்டி படத்தோடு புதிதாக வாங்க வேண்டும் என்பது என் விருப்பம். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தேவி சித்தி: பெரிய அளவுப் பனியன் மிஞ்சினால் அதிலிருந்து குழந்தைகளுக்கு நானே வெட்டித் தைக்கலாம். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் மட்டும் விட வேண்டும். படத்தை அதில் எப்படிப் பதிப்பது என்று தெரியவில்லை.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவோம். ராகவா, அதுவரை பணம் கட்டாதே.

ராகவன் சித்தப்பா: சரி அண்ணா. எம் அளவு யாருக்கு வேண்டும் என்பதை இன்றே எழுதுங்கள். படத்துக்கு அம்மா சிரித்துக்கொண்டிருக்கும் நல்ல புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள்.