பிரேஸுக்குள் இருந்த சிறு கருவி

செந்தூல் அம்மா:

மகளின் முதுகு வளைவதை முதலில் கவனித்தது நானல்ல, பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுக்குப் பரதம் சொல்லித்தரும் டீச்சர். அரைமண்டியில் ஒரு தோள் ஏறி நிற்கிறது என்றார். அப்போது அவளுக்கு 12 வயது. குனியச் சொல்லிப் பார்த்தேன். வலப்பக்க விலா மேடு தட்டியிருந்தது. எக்ஸ்-ரேயில் 29 டிகிரி. புத்தகப் பைதான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பையால் முதுகு வலிக்கலாம், இந்த வளைவு வராது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் கணவர் பையைத் திட்டுவதை நிறுத்தினார்.

முதுகு மேலும் வளையாமல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான கவசம்தான் பிரேஸ். நாளுக்கு 18 மணி நேரம் அதைப் போட வேண்டும். அதுவும் கோலாலம்பூர் புழுக்கத்தில்! தொளதொளவென்ற பாஜு குரோங் உடை போட்டால் வெளியே தெரியாது. உள்ளே பனியனைப் பிழியலாம். ஆறு மாதம் கழித்து, பிரேஸுக்குள் பொருத்தியிருந்த, உடல் சூட்டை வைத்து அணிந்த நேரத்தைக் காட்டும் வெப்பநிலைக் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்தார்கள். சராசரி 9 மணி நேரம்தான். மகள் பள்ளி வேனிலேயே அதைக் கழற்றி, வேன் ஓட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். அந்த அக்காவும் கூட்டு!

டாக்டர் திட்டவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவை வரை கொண்டுபோகும் 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி முடிந்ததாம். போடாதவர்களில் 48 விழுக்காடு. அங்கும் இதே போன்ற கருவிதான் மணிக்கணக்கைப் பிடித்துக் கொடுத்தது. ஏறக்குறைய 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். இதைக் கேட்டதும் என் மகள், “அப்படியானால் பள்ளி நேரத்தைக் கழித்துவிடலாமே” என்று பேரம் பேசினாள். டாக்டர் விட்டுக்கொடுத்தார். மீதி நேரமெல்லாம் கட்டாயம்.

ஜெலுத்தோங் அப்பா:

அக்கா, என் மகன் இரண்டு பாதமும் உட்பக்கம் திரும்பித்தான் பிறந்தான். கிரகணத்தன்று மருமகள் வெளியே போனதால்தான் என்று என் அம்மா இன்றும் சொல்வார். வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்து கட்டு, குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, பாதம் நேராகிவிட்டது. அயோவாவில் டாக்டர் பொன்செட்டி வகுத்த முறை. அசல் வேலை அதற்குப் பிறகுதான். இரண்டு சப்பாத்துகளை இணைத்த கம்பி, முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூக்கத்தில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு உறவினர்கள் கூடினார்கள். வெட்கப்பட்டுக் கழற்றினோம், பிறகு சில வாரம் மாட்டவே இல்லை. ஒரு பாதம் மறுபடி திரும்பியது. மீண்டும் மாவுக்கட்டு. பிள்ளை மேல் பழி போட வழியில்லை, கழற்றியது நாங்கள்தான்.

கெப்போங் ஐயா:

72 என்றால் மீதி 28 இருக்கிறதே. என் மகன் அந்தப் பக்கம். ஒழுங்காக அணிந்தான், கருவியே சாட்சி. இருந்தும் 52 டிகிரிக்குப் போய் அறுவை செய்தோம். தொடங்கியபோதே வளைவு பெரிது, எலும்பு வளர்ச்சியும் நிறைய பாக்கியிருந்தது என்றார்கள். அதனால் மணிக்கணக்கை மட்டும் வைத்துப் பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள் அம்மா.

இன்னொன்று. பனியனை உள்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போடச் சொல்லுங்கள். தையல் அழுந்திய இடத்தில்தான் என் மகனுக்குத் தோல் சிவந்தது.