ஸ்விஃப்ட்டை இறக்கிய பிறகு இடப்பக்கம் இழுக்கிறது, முன் டயர் உள்பக்கம் தேய்கிறது

குளச்சல் ஸ்விஃப்ட் எழுதியது:

வணக்கம். என்னுடையது 2014 ஸ்விஃப்ட் டீசல், 185/65 ஆர்15 டயர். நாகர்கோவிலில் ஒரு கடையில் வண்டியின் உயரத்தை 40 மி.மீ. குறைக்கும் ஸ்பிரிங் நாலு பக்கமும் போட்டேன். ஷாக் எல்லாம் வண்டியோடு வந்த பழையதுதான். ஸ்பிரிங் மாட்டிய அன்றே அங்கேயே அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். டோ (முன் சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மெஷின் பிரிண்ட்டில் பச்சையில், அதாவது சரியான அளவில் இருக்கிறது.

ஆனால் நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி இடப்பக்கம் போகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இணைப்புகளின் மேல் ஏறும்போது ஸ்டியரிங் கையில் வெட்டுகிறது. முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்கின்றன, வலது டயரில் அதிகம். உள் ஓரத்தைத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும், திருப்பித் தடவினால் அரம் மாதிரியும் இருக்கிறது.

அதே பிரிண்ட்டில் முன் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது): இடது மைனஸ் 1 டிகிரி 10 நிமிடம், வலது மைனஸ் 2 டிகிரி 5 நிமிடம். கடையில் கேட்டால், "இந்த வண்டியில் கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, இறக்கினால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். தினமும் திருவனந்தபுரம் வேலைக்குப் போய்வரும் வண்டி இது. பழைய உயரத்துக்குத் திரும்பாமல் சரிசெய்ய வழி உண்டா?

குலசேகரம் ரப்பர் எழுதியது:

முதலில் காசு செலவில்லாத சோதனை ஒன்று. காற்றைச் சரியாக வைத்துவிட்டு, முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குறை டயரில், அலைன்மென்ட்டில் இல்லை. டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

தக்கலை அலைன்மென்ட் எழுதியது:

தம்பி, கேம்பர் அளவைப் போட்டது நல்லதாகப் போயிற்று, பாதி விஷயம் அதிலேயே தெரிகிறது. டயர் மாற்றிப் பார்க்கிற சோதனையை அவசியம் செய்யுங்கள். ஆனால் எனக்கு டயர் மேல் பெரிய சந்தேகம் இல்லை.

கேம்பர் மைனஸில் இருப்பதால் வண்டி இழுக்காது. இரண்டு பக்கமும் வேறுவேறாக இருந்தால்தான் இழுக்கும். எந்தச் சக்கரத்தின் கேம்பர் பிளஸ்ஸை நெருங்கி இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். உங்களுக்கு அது இடது. வித்தியாசம் 55 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு டிகிரி. அரை டிகிரியைத் தாண்டினாலே கையில் தெரிய ஆரம்பிக்கும். மழைத்தண்ணீர் வடிய ரோட்டின் இடது ஓரம் சரிவாக இருப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு இறக்கியும் ஏன் வித்தியாசம்? ஸ்பிரிங் மாற்ற ஸ்டிரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) வெளியே எடுக்கும்போது, அதை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றுவார்கள். அந்தத் துளையில் போல்ட்டுக்குக் கொஞ்சம் ஆட்டம் உண்டு. திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தபடி இறுகிவிடும், இன்னொரு பக்கம் வெளியே இழுத்தபடி இறுகும். உங்கள் வலது பக்கம் அப்படி உள்ளே சாய்ந்து இறுகியிருக்க நிறைய வாய்ப்பு. ஆகவே வலது பக்கம் அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, சக்கரத்தின் மேல் பகுதியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு இறுக்கச் சொல்லுங்கள். அப்படியும் மிஞ்சுகிற அளவுக்குக் கேம்பர் போல்ட் இருக்கிறது. ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு, நடுவில் மேடு வைத்த மெலிந்த போல்ட்டைப் போடுவது. அதைத் திருகினால் நக்கிள் சாய்வு மாறும். "அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது" என்று சொன்னது கம்பெனி போல்ட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இதற்கு முன் மெஷினில் எஸ்.ஏ.ஐ. (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) என்று ஒரு அளவு வரும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் நான் சொன்ன இடத்தில்தான் குறை. வேறாக இருந்தால் சப்ஃபிரேம் (முன் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) நகர்ந்திருக்கலாம், அப்போது கேம்பர் போல்ட் போட்டு மறைப்பது தப்பு.

அடுத்தது, யாரும் தொடாத இடம்: லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு. அதன் நடுக்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும், ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். பழைய உயரத்தில் முறுக்கில்லாமல் இருக்கும்படி கம்பெனியில் இறுக்கியிருப்பார்கள். இப்போது 40 மி.மீ. இறங்கியதால் வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிலேயே இருக்கிறது, சீக்கிரம் கிழியும். அந்தப் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் நிற்கும்போது திரும்ப இறுக்க வேண்டும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் செய்யாததற்குச் சமம். இதைப் பக்கத்தில் நின்றே பாருங்கள்.

புஷ், கேம்பர் இரண்டும் முடிந்த பிறகுதான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும். அரம் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது டோ போட்ட கோலம். கேம்பர் மட்டும் என்றால் உள் ஓரம் வழவழவென்றுதான் தேயும். ஸ்பிரிங் போட்ட அன்றே எடுத்த பச்சையை நம்ப வேண்டாம். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் உட்காரும், உட்கார்ந்ததும் டோ நகர்ந்திருக்கும். ஸ்டியரிங்கை நேராக லாக் செய்து, இரண்டு டை ராடையும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். இறக்கினாலும் அங்கே கேம்பர், டோ பெரிதாக மாறாது. பின் சக்கரத்துக்கு ஏதாவது கிட் வாங்கச் சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேம்பால வெட்டு வேறு கதை. முன் ஷாக் ராடில் ஒரு கேபிள் டையைக் கட்டி, டஸ்ட் கவரைத் தூக்கி வைத்துவிட்டு அதே பாலத்தில் போய்வாருங்கள். டை மேலே பம்ப் ஸ்டாப் (ஷாக் முட்டாமல் தடுக்கும் ரப்பர்) வரை தள்ளப்பட்டிருந்தால் ஷாக் முட்டுகிறது என்று அர்த்தம்.

களியக்காவிளை எல்லை எழுதியது:

அண்ணன் சொன்னதில் எனக்குச் சேர்க்க எதுவும் இல்லை. தினமும் எல்லை தாண்டுகிறவர் என்பதால் ஒன்று மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அந்தப் பக்கம் சோதனையும் கடுமை. பழைய ஸ்பிரிங்கை விற்றுவிடாதீர்கள்.

குளச்சல் ஸ்விஃப்ட் எழுதியது:

டயரை மாற்றிப் போட்டும் இழுப்பு இடப்பக்கமேதான். வேறொரு கடையில் அண்ணன் சொன்னபடி செய்தோம். எஸ்.ஏ.ஐ. இரண்டு பக்கமும் ஒன்று. வலது போல்ட்டைத் தளர்த்தி இழுத்து இறுக்கியதிலேயே மைனஸ் 1 டிகிரி 35 நிமிடத்துக்கு வந்துவிட்டது. கேம்பர் போல்ட் போட்ட பிறகு இரண்டு பக்கமும் மைனஸ் 1 டிகிரி 10 நிமிடம். புஷ்ஷை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் டோ. இப்போது கையை எடுத்தாலும் நேராகப் போகிறது!

கேபிள் டை பம்ப் ஸ்டாப் வரை போய்விட்டது. பாலத்தில் வெட்டு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

தக்கலை அலைன்மென்ட் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிச்ச வெட்டு மெஷினில் போகாது. பழைய ஷாக் இந்த உயரத்துக்கு நீளம், அதனால் முட்டுகிறது. அதோடு டை ராடும் லோயர் ஆர்மும் இப்போது வேறு வேறு கோணத்தில் ஆடுவதால், பள்ளம் மேட்டில் டோ தானாக மாறும். இந்த உயரமே வேண்டுமென்றால் குட்டை ஷாக் போடுங்கள், முட்டல் நிற்கும், கோணம் அப்படியேதான் இருக்கும். என்னைக் கேட்டால் 25 மி.மீ. ஸ்பிரிங்குக்கு மாறுங்கள், இரண்டும் குறையும். தரையிலிருந்து அடிப்பாகம் 170 மி.மீ. உயரத்தில் இருந்த வண்டி இப்போது 130தான். நம்மூர் வேகத்தடைகளுக்கு அது போதாது.

வலது டயர் உள் ஓரத்தில் நூல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காடியில் இருக்கும் 1.6 மி.மீ. மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள், மழை தொடங்கும் முன்பே. ஹெட்லைட் குவியத்தையும் ஒரு சுவர் முன் நிறுத்திச் சரிபார்த்துவிடுங்கள். கேம்பர் போல்ட்டின் இறுக்கத்தை 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனர்) பார்க்க வேண்டும்.