1966 மஸ்டாங்: பிளாக்கில் '6' என்று இருந்தால் அது காரோடு வந்த என்ஜின்தானா?

கேள்வி

வணக்கம். என்னிடம் 1966ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (நிலையான உலோகக் கூரை கொண்ட மாடல்) ஒன்று இருக்கிறது. என்ஜின் உட்பட எல்லாமே கம்பெனியில் பொருத்தியவைதான் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். ஓட்டுநர் பக்கக் கதவில் உள்ள தகட்டில் வண்டி எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. தேதிக்கான இடத்தில் 18எல் என்று இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த என்ஜினின் முக்கிய உடற்பகுதி) பிசுக்கைத் துடைத்துப் பார்த்தபோது சி6ஏஇ என்று தொடங்கும் வார்ப்பு எண்ணும், அதற்கு அருகில் 6ஏ11 என்ற குறியும் தெரிந்தன. வண்டி எண், வார்ப்பு எண், குறி ஆகிய மூன்றிலும் 6 வருவதால், இது காரோடு பிறந்த என்ஜின்தான் என்று முடிவு செய்யலாமா? கார்புரேட்டரையும் கண்ணாடிகளையும் எப்படிச் சோதிப்பது?

மறுமொழி 1

நண்பரே, அந்த மூன்று 6களும் ஒரே பொருள் தருபவை அல்ல. வண்டி எண்ணில் உள்ள 6 மாடல் ஆண்டு. எஃப் என்பது டியர்பார்ன் தொழிற்சாலை, 07 ஹார்ட்டாப், சி என்பது இரட்டைக் குழல் கார்புரேட்டர் கொண்ட 289 கன அங்குல வி8. வார்ப்பு எண்ணில் சி என்பது 1960களையும், 6 அந்தப் பத்தாண்டில் வடிவமைப்பு பதிவான ஆண்டையும், இறுதி இ என்ஜின் பிரிவையும் குறிக்கின்றன; அந்தக் குறிப்பிட்ட பிளாக் எப்போது வார்க்கப்பட்டது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது 6ஏ11தான்: ஆண்டு, மாத எழுத்து, நாள் என்ற வரிசையில் படித்தால் 1966 ஜனவரி 11.

இப்போது கதவுத் தகட்டுக்கு வாருங்கள். 18 என்பது நாள், எல் என்பது மாதம். ஏ என்றால் ஜனவரி என்று தொடங்கும் மாத எழுத்துகளில் 1 என்ற எண்ணோடு குழம்பாமல் இருக்க ஐ என்ற ஆங்கில எழுத்தை விட்டுவிட்டார்கள். எனவே எல் என்பது டிசம்பர் அன்று, நவம்பர். 1966 மாடல் கார்கள் 1965ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே தயாராகத் தொடங்கிவிட்டதால், உங்கள் காரின் தேதி 1965 நவம்பர் 18 ஆகிறது. பிளாக்கோ அதற்கு 54 நாள் கழித்து வார்க்கப்பட்டிருக்கிறது. வார்ப்பு, கடைசல், என்ஜின் கோப்பு ஆகியவை முடிந்த பிறகே அது காருக்குள் போகும் என்பதால், வார்ப்புத் தேதி கார்த் தேதிக்குச் சில நாள்களோ சில வாரங்களோ முந்தியிருக்க வேண்டும். என்ஜின் அசல் என்பதற்குச் சான்றாக நீங்கள் காட்டிய 6ஏ11 குறியின் 6தான் அதை மறுக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனாலும் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. தகட்டில் உள்ளது திட்டமிடப்பட்ட தேதி. உண்மையில் கார் வெளிவந்த நாள் சற்றுத் தள்ளிப் போயிருக்கலாம், ஆனால் இரண்டு மாதம் என்பது மிக அதிகம். அதைவிட முக்கியமானது, தகடு கதவில் ரிவெட் செய்யப்பட்டிருக்கிறது என்பது. கதவே வேறொரு காரிலிருந்து வந்திருந்தால் நீங்கள் படிப்பது அந்தக் காரின் தேதி. பானட்டைத் திறந்து ஓட்டுநர் பக்க மட்கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். மட்கார்டுக்கு உள்பக்கம் உள்ள உடல் தகட்டில் (உள்தகட்டில்) குத்திய வண்டி எண் தெரிவதற்காக அங்கே சிறு வெட்டு விடப்பட்டிருக்கும். அது தகட்டின் எண்ணோடு ஒத்துப்போகிறதா?

இன்னொன்று: பிளாக்கில் வண்டி எண் இல்லையே என்று யாராவது குறை சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். அந்த ஆண்டில், உங்கள் வண்டி எண்ணில் சி உள்ள இடத்தில் கே எழுத்துள்ள உயர்திறன் 289களில்தான் அதைக் குத்தினார்கள். மற்ற என்ஜின்களுக்கு அது 1968 முதல்தான் வந்தது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. உள்தகட்டு எண்ணும் கதவுத் தகட்டு எண்ணும் ஒன்றேதான். எண்ணைச் சுற்றி அரம் பட்ட தடமோ புது வெல்டிங்கோ இல்லை. பிளாக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, காகிதம் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துப் பார்த்தேன். 5ஆக இருக்குமோ என்ற ஆசை வீணாயிற்று, அது 6தான். ஆனால் வால்வு கவர்களைக் கழற்றியபோது இரண்டு சிலிண்டர் ஹெட்களிலும் (பிளாக்கின் மேல் பூட்டப்படும் மூடிப் பகுதிகள்) 5கே என்று தொடங்கும் குறிகள் இருந்தன.

மறுமொழி 1

அப்படியானால் கதை ஓரளவு தெளிவாகிறது. 5கே என்பது 1965 அக்டோபர்; நவம்பர் காருக்கு மிகப் பொருத்தமான தேதி. பிளாக் எப்போதோ விரிசல் விட்டோ பழுதாகியோ மாற்றப்பட்டு, பழைய ஹெட்களையே அதன் மேல் பூட்டியிருக்கலாம். தேதி பிந்தியிருந்தால் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தியிருந்தால் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் போக முடியாது, ஏனெனில் அதே மாதத்தில் வார்த்த ஹெட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

கார்புரேட்டர் ஆட்டோலைட் 2100 ஆக இருக்க வேண்டும். மேல்மூடியின் ஒரு திருகுக்கு அடியில் எண் பொறித்த மெல்லிய தகடு இருக்கும், முதல் ஓவர்ஹாலிலேயே பெரும்பாலும் தொலைந்துவிடும். கண்ணாடிகளில் ஃபோர்டின் கண்ணாடிப் பெயரான கார்லைட் முத்திரையைத் தேடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: கேட்ட தேதியைப் பொறித்துத் தரும் புதுக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. கீறலே இல்லாத முன்கண்ணாடியும் தேய்ந்த கதவுக் கண்ணாடிகளும் ஒரே வயதுடையவை அல்ல என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

கேள்வி கேட்டவர்

கார்புரேட்டர் 2100தான், தகடு இல்லை. முன்கண்ணாடியில் கார்லைட் முத்திரையே காணோம். பக்கக் கண்ணாடிகள் நான்கிலும் இருக்கிறது. விற்றவரிடம் பேசியதில், என்ஜினைப் பற்றித் தனக்கு முந்தைய உரிமையாளர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். காரின் குறிப்பேட்டில் 'பிளாக் மாற்றப்பட்டது, ஹெட்கள் காலத்துக்குப் பொருந்துகின்றன' என்று எழுதி வைத்துவிட்டேன்.